முதல் மஸில்லோடர், இரும்புக் குறியோடு: எதை வாங்குவது?

செப்டம்பர்மான் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோவில் மஸில்லோடர் (குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி) பருவத்துக்கான மியூல் மான் உரிமம் இந்த வருடக் குலுக்கலில் எனக்கு விழுந்துவிட்டது. செப்டம்பருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. துப்பாக்கிதான் இன்னும் வாங்கவில்லை.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வைத்த சாதாரண ரைஃபிளில் ஆறு வருடமாக வேட்டையாடுகிறேன். குழல்வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுட்டதே இல்லை. வயது 47. படிக்கக் கண்ணாடி வேண்டும், தூரம் நன்றாகத் தெரியும். பின்னாளில் எல்க் (பெரிய மான் இனம்) உரிமம் கிடைத்தால் அதற்கும் இதே துப்பாக்கி உதவ வேண்டும் என்று ஆசை.

ஒரு கடையில் கேட்டேன். "இன்லைன் எடுங்கள், மேலே ஸ்கோப் மாட்டிக்கொள்ளுங்கள், 200 கஜம் அடிக்கலாம்" என்றார்கள். இந்தப் பருவத்தில் ஸ்கோப் கூடாது, குழலின் முன்னும் பின்னும் இருக்கும் இரும்புக் குறியில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. சிவிஏ, டிரடிஷன்ஸ், லைமன், பெடர்சோலி என்று தயாரிப்பாளர் பெயர்களைப் படித்துப் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன். இன்லைனா (பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன வகை), பக்கவாட்டில் சுத்தி உள்ள பழைய ஹாக்கன் பாணியா? குழல் விட்டம் .50 அங்குலமா, .54ஆ? எங்கே தொடங்குவது?

கரிமருந்து எழுதியது:

தம்பி, துப்பாக்கிப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுங்கள். மஸில்லோடர் விஷயத்தில் "எல்லா இடத்துக்கும் ஒத்துவரும்" துப்பாக்கி என்று ஒன்று கிடையாது.

உங்கள் கொலராடோவில் இன்லைன் ஆகும், 209 பிரைமர் (ஷாட்கன் தோட்டாவில் வரும் பற்றவைப்பான்) ஆகும். ஸ்கோப் கூடாது, சபோட் (குண்டைச் சுற்றும் பிளாஸ்டிக் உறை) கூடாது, பெல்லெட் (வில்லையாக அழுத்திய) மருந்து கூடாது, புகையில்லா மருந்து கூடவே கூடாது. மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்குக் குறைந்தது .50. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஐடஹோவில் மஸில்லோடருக்கென்றே ஒதுக்கிய வேட்டைக்குப் போனால் கதை மாறும். பற்றவைக்கும் இடம் வெளியே தெரிய வேண்டும், சுத்தி வெளியே ஆட வேண்டும், 209 ஆகாது. இப்போது கடைகளில் நிறைந்திருக்கும், குழல் மடங்கித் திறக்கும் இன்லைன்கள் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். பென்சில்வேனியாவில் 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவம் ஒன்று நடக்கிறது. அதில் சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எடுக்கும் ஃபிளிண்ட்லாக் மட்டும்தான்.

நாளைக்கு வேறு மாநிலத்தில் உரிமம் எடுக்கும் எண்ணம் துளியாவது இருந்தால், பக்கவாட்டில் சுத்தி உள்ள கேப் (சுத்தி அடித்ததும் தீ தரும் சிறு தொப்பி) துப்பாக்கி வாங்குங்கள். அது கொலராடோவிலும் ஆகும், ஐடஹோவிலும் ஆகும். விதிகள் வருடா வருடம் மாறுவதால், எங்கே போனாலும் அந்த வருடப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்மூடி எழுதியது:

கரிமருந்து அண்ணன் சொன்ன விதி எல்லாம் சரி. ஆனால் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு மானுக்கு முன்னால் போய் நிற்கப்போகிற ஒருவருக்கு நான் இன்லைனைத்தான் சொல்வேன்.

இன்லைனில் பின்மூடியைக் கழற்றினால் குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெளிச்சம் தெரியும். உள்ளே மருந்து இருக்கிறதா, துரு இருக்கிறதா, கசடு மிச்சமா என்று கண்ணால் பார்த்துவிடலாம். சுடாமல் திரும்பி வந்த நாளில் குண்டை முன்பக்கமாகத் தள்ளி வெளியே எடுக்கலாம். 209 பிரைமர் பெரிய தீ. மழைத்தூறலில் கேப் ஏமாற்றும், 209 ஏமாற்றுவது அரிது. 1985இல் நைட் எம்கே-85 வந்த பிறகு இத்தனை பேர் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணமே இந்த வசதிதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில இன்லைன் மாடல்கள் குறியே இல்லாமல், ஸ்கோப் தளத்தோடு மட்டும் வருகின்றன. இரும்புக் குறி பொருத்தியே விற்கும் மாடலாகக் கேளுங்கள். பெரும்பாலும் 1:28 முறுக்கு (குழலுக்குள் வெட்டிய வரிகளின் சுழற்சி) இருக்கும். சபோட் இல்லாமல், குழலின் முழு அளவுக்குச் செய்த நீள ஈயக்குண்டை அது நன்றாகவே சுழற்றும்.

கரிமருந்து எழுதியது:

பின்மூடி சொல்வதில் தவறில்லை, சுத்தம் செய்வது எளிதுதான். ஆனால் முறுக்கைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டார். முதல் தடவை வாங்குகிறவர் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1:28 என்றால் குண்டு 28 அங்குலம் நகரும்போது ஒரு முழுச் சுற்று சுற்றும். 1:60 என்றால் 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான முறுக்கு வேண்டும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கே போதும். வேகமான முறுக்கில் அதிக மருந்து வைத்து உருண்டையைச் சுட்டால் துணி வரிகளைப் பிடிக்க முடியாமல் வழுக்கும், குண்டுகள் சிதறிப் போகும். 1:48 இரண்டுக்கும் நடுவில் இருப்பது. தாம்சன் சென்டர் 1970இல் கொண்டுவந்த ஹாக்கன் அந்த அளவுதான். லைமன் டீர்ஸ்டாக்கரும் அப்படியே. உருண்டையும் சுடலாம், குட்டையான நீள்குண்டும் சுடலாம். லைமன் கிரேட் பிளெயின்ஸ் 1:60, அது உருண்டைக்காகவே பிறந்தது.

எனவே முதலில் எந்தக் குண்டு என்று முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற குழல் தானாக வந்து நிற்கும். .50 குழலுக்கான .490 உருண்டை சுமார் 177 கிரெய்ன் (சிறு எடை அளவு). .54க்கான .530 உருண்டை சுமார் 225. நீள்குண்டு .50இலேயே 350, 385 கிரெய்ன் வரை போகும். உருண்டை நூறு கஜம் போவதற்குள் தன் வேகத்தில் பாதியை ஏறக்குறைய இழந்துவிடும். மானுக்கு .50 உருண்டை தாராளம். எல்க் என்றால் உருண்டையில் .54, இல்லையென்றால் .50இல் கனமான நீள்குண்டு. .50 உருண்டையோடு எல்க்கைத் தேடிப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சட்டம் அனுமதித்தாலும்.

மங்கியகண் எழுதியது:

செப்டம்பர்மான், நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். "வயது 47, படிக்கக் கண்ணாடி வேண்டும்." உங்கள் துப்பாக்கியை முடிவு செய்ய வேண்டியது அந்த வரிதான்.

நான் 50ஐத் தாண்டியபோது என் பழைய ஹாக்கனைத் தூக்கிக் குறி பார்த்தால் பின்குறியின் பள்ளம் பஞ்சுபோலத் தெரிந்தது. ஒரு முழு வருடம் துப்பாக்கியைக் குறை சொன்னேன், மருந்தைக் குறை சொன்னேன், பேட்ச் துணியைக்கூட மூன்று விதமாக மாற்றிப் பார்த்தேன். கோளாறு என் கண்ணில் இருந்தது. வயதானால் கண் கிட்டத்தில் உள்ளதைக் கூர்மையாக்கும் திறனை இழக்கிறது. ஸ்கோப்பில் எல்லாம் ஒரே தளத்தில் தெரிவதால் அங்கே இது வெளிப்படாது. இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, மான் என்று மூன்று தூரங்கள். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். அது முன்குறியாகத்தான் இருக்க வேண்டும். மான் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

சரி, இதை வைத்துத் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டு குறிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். கணக்கு எளிது. நூறு கஜம் என்பது 3600 அங்குலம். குறிகளுக்கு இடையே 18 அங்குலம் இருக்கிற துப்பாக்கியில் முன்குறி ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு விலகினால் நூறு கஜத்தில் குண்டு 2 அங்குலம் தள்ளிப் போகும். அதே பிழை 27 அங்குல இடைவெளியில் 1.3 அங்குலம்தான். நீண்ட குழல் குண்டைத் தானாகத் துல்லியமாக்கிவிடாது. நாம் செய்யும் தவறைச் சிறிதாக்கும். கூடவே முன்குறி கண்ணைவிட்டுத் தள்ளிப் போவதால் கொஞ்சம் தெளிவாகவும் தெரியும். குட்டையான 24 அங்குலக் குழல் புதருக்குள் நடக்க வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோப் இல்லாத இடத்தில் அதற்கு ஒரு விலை உண்டு.

முன்குறியின் பருமனும் முக்கியம். கண்ணிலிருந்து முன்குறி சுமார் ஒரு கஜம் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலமான மணி (முன்குறியின் உருண்டை முனை) 50 கஜத்தில் 3 அங்குலத்தை மறைக்கும், 100 கஜத்தில் 6 அங்குலத்துக்கும் மேல். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம்தான். பளபளக்கும் ஃபைபர் ஆப்டிக் மணிகள் பெரும்பாலும் தடிமனானவை. விடியற்காலை இருட்டில் அவை கண்ணுக்கு விருந்து, நண்பகல் வெயிலில் ஒளி கசிந்து இன்னும் பெரிதாகத் தெரியும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் மணியின் வெளிச்சம் பட்ட பாதியையே கண் முழு மணி என்று எடுத்துக்கொள்ளும், குண்டு எதிர்ப்பக்கம் போகும். அதனால்தான் தட்டையான முகமுள்ள, மெல்லிய, கருப்பான முன்குறியை நான் விரும்புகிறேன்.

கடைசியாகப் பீப் சைட். பின்குறிக்குப் பதில் கண்ணுக்கு அருகே ஒரு சிறு துளை. துளையைக் கண் தேட வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தாலே போதும். பிரகாசமான நடுப்பகுதிக்குக் கண் தானாகவே முன்குறியைக் கொண்டுபோய்விடும். மூன்று தளங்கள் இரண்டாகக் குறைகின்றன. குறிகளுக்கு இடையிலான தூரமும் கூடுகிறது. துளை பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும், வேட்டைக்குச் சிறு துளை வேண்டாம். எனக்கு அந்தச் சிறு துண்டு இரும்பு பத்து வருட வேட்டையைத் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இதில் பீப் மாட்ட முடியுமா, அதற்குத் துளை போட்டிருக்கிறதா?" என்பது. காலிபர் எல்லாம் அப்புறம்.

செப்டம்பர்மான் எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவரின் ஹாக்கனை வாங்கி ஜன்னல் வழியாகக் குறி பார்த்தேன். நீங்கள் சொன்ன பஞ்சு அப்படியே தெரிந்தது. எனக்கு இருக்கும் குறை என்னவென்றே இதுவரை தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கொலராடோவில் பீப் ஆகுமா? இன்னொன்று, நண்பரின் துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது அடிக்கட்டையின் பிறை வடிவ முனை தோள்பட்டை எலும்பில் குத்தியது. எல்லா ஹாக்கனும் இப்படித்தானா?

கரிமருந்து எழுதியது:

ஆகும். முன்னும் பின்னும் இரும்புக் குறியாக இருக்க வேண்டும், ஃபைபர் ஆப்டிக்கோ ஒளிரும் வண்ணமோ இருக்கலாம். பேட்டரி, மின்விளக்கு, ஸ்கோப் கூடாது. பீப்பும் இரும்புக் குறிதான்.

மரக்கட்டை எழுதியது:

பிறை அடிக்கட்டைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பழைய துப்பாக்கிகளின் கட்டைகளைச் சரிசெய்வது என் வேலை, இந்த வலியோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

நவீன ரைஃபிளைத் தோள் குழியில் வைக்கிறோம், உடம்பு ஏறத்தாழ இலக்கைப் பார்த்து நிற்கிறது. பிறை அடிக்கட்டையை அப்படி வைத்தால் இரண்டு கூர் முனைகளும் குத்தத்தான் செய்யும். அதைத் தோளுக்குச் சற்று வெளியே, மேற்கையின் தொடக்கத்தில், பிறையின் வளைவுக்குள் கை அமரும்படி வைக்க வேண்டும். உடம்பு பக்கவாட்டில் திரும்பி நிற்கும், முழங்கை உயரும். செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் துப்பாக்கி செய்த காலத்தில் நின்றபடி சுட்டவர்கள் இப்படித்தான் பிடித்தார்கள். மேசையில் சாய்ந்து சுடும்போது இந்தப் பிடி வராது. அதனால் பெஞ்சில் கனமான குண்டு, நிறைய மருந்து, பிறை அடிக்கட்டை மூன்றும் சேர்ந்தால் பத்து வெடியில் சுடுகிறவர் கண்ணை மூடத் தொடங்கிவிடுவார். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்தால் போக மாதங்கள் ஆகும். உருண்டையோடு மிதமான மருந்து என்றால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கனமான நீள்குண்டுதான் உங்கள் முடிவு என்றால் தட்டையான, ரப்பர் வைத்த அடிக்கட்டை எடுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். செப்டம்பர் காலையில் போடப்போகும் மேலாடையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தோளில் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும் முன்குறி பின்குறிக்குள் நிற்க வேண்டும். தலையை ஏற்றியோ இறக்கியோ தேட வேண்டி வந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு ஆகாது. ஸ்கோப்புக்காகச் செய்த இன்லைன் கட்டைகள் பல உயரமாக இருக்கும். அவற்றில் தாழ்ந்த இரும்புக் குறியைப் பார்க்கக் கன்னத்தை அழுத்த வேண்டியிருக்கும். படங்களில் இதெல்லாம் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும்.

புல்வெளி எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் புதியவன். நேரடியாக ஃபிளிண்ட்லாக்கில் தொடங்கினால் என்ன?

கரிமருந்து எழுதியது:

மனசு அதில்தான் இருக்கிறது என்றால் தொடங்கலாம், ஆனால் இரண்டு வருடம் கொடுக்க வேண்டும். கல் கூர்மையாக இருக்க வேண்டும், தீத்துளை சுத்தமாக இருக்க வேண்டும், கிண்ணத்தில் மருந்து அளவாக இருக்க வேண்டும். விசையை இழுத்த பிறகும் குண்டு வெளியேறும்வரை அசையாமல் நிற்கப் பழக வேண்டும். உண்மையான கரிமருந்து மட்டுமே போட வேண்டும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும், கல்லின் பொறிக்கு அவை சரியாகப் பற்றாது. கரிமருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. மூன்று மாதத்தில் மான் என்பவருக்கு இது வேண்டாம்.

பின்மூடி எழுதியது:

மருந்து என்று பேச்சு வந்ததால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாருக்கும் அது நடக்கக் கூடாது.

இரண்டாவது வருடம். இருபதாவது வெடியோ என்னவோ, குழலைத் துடைக்காமலே சுட்டுக்கொண்டிருந்தேன். கசடு தடித்துக் குண்டு இறங்க மறுத்தது. முக்கால்வாசி இறங்கியதும் "போதும், உட்கார்ந்துவிட்டது" என்று நினைத்துக் கேப் வைத்துச் சுட்டேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி. வெடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. குழலைத் தடவிப் பார்த்தால் நடுவில் ஒரு வளையம் வீங்கியிருந்தது. எனக்கோ பக்கத்தில் நின்றவருக்கோ ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழலோடு மறுபடி சுடவில்லை.

அதன் பிறகு கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். குழல் காலியாக இருக்கும்போது எங்கே நிற்கும், என் மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்தால் எங்கே நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு குழல்வாயில் வந்து நின்றால்தான் கேப். இரண்டு வெடிக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியும் விடுவேன்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளைக் கன அளவில்தான் அளக்கிறோம், எடையில் இல்லை. 80 என்று அளவையில் வைத்தால் 80 கிரெய்ன் கரிமருந்து பிடிக்கும் கன அளவு என்று பொருள். டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்து அதே அளவில் அதிகம் தள்ளும், 15 சதவீதம் குறைத்துப் போட வேண்டும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து பற்றச் சாதாரண கேப் போதாது, 209 பிரைமர் வேண்டும். டப்பாவிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாதீர்கள். உள்ளே ஒரு கனல் மிஞ்சியிருந்தால் கையில் இருக்கிற டப்பாவே வெடிக்கும். அளவையில் ஊற்றி, அளவையிலிருந்து குழலுக்கு.

கரிமருந்து எழுதியது:

இதை எழுதியதற்கு நன்றி பின்மூடி. இன்னும் சில சேர்க்கிறேன்.

நாளின் முதல் வெடிக்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெறும் கேப் ஒன்றிரண்டு வெடிக்க வேண்டும். குழல்வாயை ஒரு காய்ந்த இலைக்கு அருகில் பிடித்துச் செய்யுங்கள். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. காட்டில் மான் முன்னால் வெறும் "டிக்" கேட்பவர்களில் பாதிப் பேர் இதை விட்டவர்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் பாதுகாப்பான திசையிலேயே குறைந்தது ஒரு நிமிடம் பிடித்திருங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. கெட்டிக்கும்போது கம்பியைக் குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். மரக்கம்பியின் நுனியைப் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தினால் அது முறிந்து உள்ளங்கையில் ஏறும்.

நீள்குண்டு எடுத்தால் ஒரு தனிக் கவனம் வேண்டும். துணி இல்லாத அந்தக் குண்டு சில குழல்களில் தளர்வாக இருக்கும். துப்பாக்கியை வாய் கீழாகத் தொங்கவிட்டு நடந்தால் முன்னால் நழுவி வந்துவிடும். பின்மூடி சொன்ன அதே காற்று இடைவெளிதான். மணிக்கு ஒருமுறை கம்பியைப் போட்டுப் பாருங்கள்.

அன்று மாலையே கழுவ வேண்டும். வெந்நீர், சோப்பு, உலர்ந்த துணி, எண்ணெய். மறுநாள் மறுபடி ஒரு துணி விட்டுப் பாருங்கள். எரிந்த கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு வாரம் விட்டால் குழல் போய்விடும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். வெளியே மரம் மின்னும், பித்தளை மின்னும். உள்ளே ஒரு சிறு விளக்கை இறக்கிப் பாருங்கள். இறுக்கமான துணி ஒன்றைக் கம்பியில் சுற்றி மெதுவாக இழுங்கள், எல்லா இடத்திலும் ஒரே பிடி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் திடீரென்று தளர்ந்தால் அங்கே வீக்கம், சொரசொரப்பாகப் பிடித்துக் கிழித்தால் துரு. சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்துங்கள், அது விழவே கூடாது. இதையெல்லாம் செய்வதற்கு முன், உள்ளே பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கிறதா என்று கம்பியை இறக்கி வெளியே வைத்து அளந்து பாருங்கள். வருடக்கணக்கில் மூலையில் நின்ற துப்பாக்கிக்குள் மருந்து இருந்ததை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

செப்டம்பர்மான் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பழைய லைமன் கிரேட் பிளெயின்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். .54, கேப், 32 அங்குலக் குழல், 1:60. பின்மூடி அண்ணன் மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி இன்லைன் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் முன்குறியைப் பிடிக்கத் தலையைப் புதைக்க வேண்டியிருந்தது. இதைக் கண்மூடித் தூக்கியபோது குறி நேராக வந்து நின்றது. மரக்கட்டை அக்கா சொன்ன பிடியில் பிறை குத்தவில்லை. கனம்தான், ஒன்பது பவுண்டு பக்கம். தினமும் மாலை அதைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்து பழகுகிறேன்.

குழலில் விளக்கு இறக்கி, துணி இழுத்து எல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. 80 அளவு இரண்டு எஃப் (மருந்துத் துகளின் பருமன்) கரிமருந்து, .530 உருண்டை. திறந்த குறியில் 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஏழு அங்குலத்தில் பரவின. பிறகு லைமன் பீப்பைக் குழலுக்குப் பின்னால் நீளும் இரும்பு வாலில் பொருத்தினேன். அதே மருந்து, அதே மேசை, மூன்று அங்குலத்துக்குள் ஐந்தும். ஐயா, வேறு எதையும் மாற்றவில்லை.

இரண்டு கேள்வி. பீப்பை அடிமட்டத்துக்கு இறக்கியும் 50 கஜத்தில் 4 அங்குலம் மேலே அடிக்கிறது. என்ன செய்வது? எத்தனை கஜம் வரை நம்பிச் சுடலாம்?

பின்மூடி எழுதியது:

மன்னிப்பு எதற்கு? தோளுக்குப் பொருந்தியதை எடுத்திருக்கிறீர்கள், அதுதான் சரி. மழைநாளில் கேப்பைக் காக்க ஒரு தோல் உறை மட்டும் தைத்துக்கொள்ளுங்கள். மலையில் செப்டம்பர் மதியங்களில் மழை வரும். வண்டியில் ஏறுமுன் கேப்பை எடுத்துவிட வேண்டும், மறக்காதீர்கள். பருவம் முழுக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும் கட்டாயம்.

இன்னொன்று. அதில் இரட்டை விசை இருக்கும். பின்விசையை இழுத்துவிட்டால் முன்விசை மூச்சுப் பட்டால் விழும் அளவுக்கு இலேசாகிவிடும். குளிரில் கையுறையோடு அதைத் தொடாதீர்கள். பின்விசையை இழுக்காமலும் முன்விசை வேலை செய்யும், காட்டுக்கு அதையே பழகுங்கள்.

மரக்கட்டை எழுதியது:

தூரக் கேள்விக்கு மேசையில் பதில் கிடைக்காது. எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி நில்லுங்கள், மண்டியிடுங்கள், உட்காருங்கள். 40 கஜத்தில் தொடங்கி, சுத்தமான குழலில் நாளின் முதல் குண்டை மட்டும் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் மானுக்குப் போவது அந்தக் குண்டுதான். ஐந்து வெவ்வேறு நாள்களில் ஐந்து முதல் குண்டும் தட்டில் விழுந்தால் பத்து கஜம் தள்ளிப் போங்கள். எங்கே ஒன்று வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. எனக்கு அது 70. நூறு கஜத்தில் அருமையான ஆண் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றும் நான் சுடாமல் வந்திருக்கிறேன்.

சுட்ட பிறகு புகை முகத்தை மூடும், மான் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியாது. அதனால் விசையை இழுக்கும் முன்பே மான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே மறுபடி கெட்டியுங்கள். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு அந்த மரத்தை நோக்கிப் போங்கள். உருண்டைக் குண்டு மறுபக்கம் வெளியேறாமல் தோலடியில் நின்றுவிடுவதும் உண்டு, அப்போது இரத்தத் தடம் மெல்லியதாக இருக்கும். முழங்கால் போட்டுத் தேடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மங்கியகண் எழுதியது:

ஏழு மூன்றானது என்று படித்ததும் எழுந்து போய் என் பீப்பைத் துடைத்து வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மேலே அடிப்பது எதிர்பார்த்ததுதான். அந்த முன்குறி தாழ்ந்த திறந்த குறிக்காக வெட்டியது. பீப் அதைவிட உயரமாக உட்காருகிறது. முன்குறியை உயர்த்தினால் குண்டு இறங்கும். பீப் துளையிலிருந்து முன்குறி வரை நாடாவால் அளந்து பாருங்கள், உங்களுக்கு 34 அங்குலம் பக்கம் வரலாம். நான்கை முப்பத்துநான்கால் பெருக்கி, 50 கஜத்தின் 1800 அங்குலத்தால் வகுத்தால் 0.075 அங்குலம். அவ்வளவு உயரம் கூடுதலாக வேண்டும். நீங்கள் அதைவிடச் சற்று உயரமானதாக, ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். உயரம் மிஞ்சினால் குண்டு தாழ அடிக்கும். அப்போது அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. தேய்த்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, அதனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முகத்தைத் தட்டையாகவே விடுங்கள், மினுக்க வேண்டாம்.

பழைய முன்குறியைக் கழற்றும்போது பித்தளைக் கோலால் இடமிருந்து வலமாகத் தட்டுங்கள், புதியதை வலமிருந்து இடமாக ஏற்றுங்கள். தட்டும் முன் குழல் காலியா என்று கம்பியிலுள்ள கோட்டைப் பாருங்கள்.